பரீட்சை இல்லாத படிப்பு: தென்னாப்பிரிக்காவில் கணினி அறிவியல் பிஎச்.டி.

கேள்வி, சுருக்கமாக: "நாங்கள் திருச்சியிலிருந்து டர்பனுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. மகள் பள்ளி, கல்லூரி எல்லாம் இங்கேதான். கணினி அறிவியலில் பி.எஸ்சி., அப்புறம் ஹானர்ஸ் முடித்திருக்கிறாள். அடுத்து பிஎச்.டி. என்கிறாள். என்ன பாடம், என்ன பரீட்சை என்று கேட்டால் 'பாடமும் இல்லை, பரீட்சையும் இல்லைம்மா' என்று சிரிக்கிறாள். அமெரிக்காவில் படித்த என் தம்பி பையனுக்கு இரண்டு வருடம் வகுப்பு, பெரிய தேர்வு எல்லாம் இருந்தது. இவள் சொல்வது உண்மையா? இது என்ன மாதிரி படிப்பு?"

அக்கா, மகள் சொல்வது சரிதான். இந்த நாட்டில் கணினி அறிவியல் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் வகுப்பு கிடையாது, எழுத்துத் தேர்வு கிடையாது. பதிவு செய்கிற நாளிலிருந்து ஆய்வேட்டைக் கொடுக்கிற நாள்வரை மதிப்பெண் என்ற ஒன்றையே அவள் பார்க்கமாட்டாள். நான் டர்பனில் வேலை பார்த்துக்கொண்டே ஆறரை வருடத்தில் இதை முடித்தவன். இப்போது இரண்டு மூன்று பேருக்கு வழிகாட்டவும் செய்கிறேன். பார்த்தவரைக்கும் சொல்கிறேன்: பரீட்சை இல்லாததைச் சலுகை என்று நினைத்துவிடாதீர்கள், இந்தப் படிப்பின் கஷ்டமே அங்கேதான் இருக்கிறது. பரீட்சை என்றால் ஒரு தேதி இருக்கும். தேதி இருந்தால் நம் வீட்டுப் பிள்ளைகள் விடிய விடிய உட்கார்ந்தாவது படித்துவிடுவார்கள். தேதியே இல்லாத மூன்று நான்கு வருடத்தை எப்படி ஓட்டுவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆனால் மகள் உங்களிடம் ஒன்றை விட்டுவிட்டாள் போலிருக்கிறது. ஹானர்ஸ் முடித்த கையோடு இங்கே பிஎச்.டி.யில் சேர முடியாது. நடுவில் மாஸ்டர்ஸ் இருக்கிறது.

இங்கே படிப்புகளை நிலை நிலையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். மூன்று வருட பி.எஸ்சி. ஏழாம் நிலை. அதன்மேல் ஒரு வருட ஹானர்ஸ், 120 கிரெடிட், எட்டாம் நிலை. மாஸ்டர்ஸ் 180 கிரெடிட், ஒன்பதாம் நிலை. பிஎச்.டி. 360 கிரெடிட், பத்தாம் நிலை. அதற்கு மேல் ஏணியில் படி கிடையாது. ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு. அப்படிப் பார்த்தால் பிஎச்.டி. என்பது 3,600 மணி நேரம். வாரம் நாற்பது மணி நேரம் உழைத்தால் இரண்டு வருடத்தில் முடிந்துவிட வேண்டும்! பல பல்கலைக்கழகங்களின் விதியிலும் குறைந்தபட்சக் காலம் இரண்டு வருடம் என்றுதான் இருக்கும். அதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். முழுநேரமாகச் செய்தால் மூன்றரை, நான்கு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேலையோடு செய்தால் ஆறு ஏழுகூட ஆகும்.

மாஸ்டர்ஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று முழுக்க ஆய்வு. ஒரே ஒரு ஆய்வேடு எழுதிக் கொடுப்பது. இன்னொன்று வகுப்புகளும் அதோடு ஒரு சிறிய ஆய்வேடும். அதில் ஆய்வுக்கு 60 கிரெடிட்டாவது இருந்தாக வேண்டும். பிஎச்.டி.தான் குறி என்றால் முதல் வகையில் சேரச் சொல்வேன். அதில் ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. மாஸ்டர்ஸ் ஆய்வு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டால், அதைக் கொடுக்காமலே அப்படியே பிஎச்.டி.யாக உயர்த்திக்கொள்ளப் பல பல்கலைக்கழகங்களில் விதி இருக்கிறது. மேற்பார்வையாளர் பரிந்துரைக்க வேண்டும், உயர்பட்டக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வருடம் மிச்சமாகும். நான் இதை அரை மனதோடுதான் சொல்கிறேன். நடுவில் ஏதாவது காரணத்தால் பிஎச்.டி. நின்றுபோனால் மாஸ்டர்ஸ் பட்டமும் கையில் இருக்காது. அப்படி இரண்டும் இல்லாமல் நின்ற ஒரு பையனை எனக்குத் தெரியும்.

உங்கள் தம்பி பையன் கதை வேறு. அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டத்தோடு நேரே பிஎச்.டி.யில் சேரலாம். அதனால் முதல் இரண்டு வருடம் வகுப்பு வைத்து, தகுதித் தேர்வு ஒன்று வைத்து, அதில் தேறினவர்களைத்தான் ஆய்வுக்கு விடுவார்கள். ஆகமொத்தம் ஐந்து ஆறு வருடம். நம் ஊரிலும் யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி குறைந்தது 12 கிரெடிட் அளவுக்கு வகுப்பு உண்டு. மூன்று வருடத்துக்குக் குறையாமல், ஆறு வருடத்துக்கு மிகாமல் முடிக்க வேண்டும். தென்னாப்பிரிக்கா பழைய பிரிட்டிஷ் வழியைப் பிடித்துக்கொண்ட நாடு. பாடம் படிக்க வேண்டியதை ஹானர்ஸிலேயே படித்து முடித்துவிட்டாய், இனி ஆராய்ச்சி மட்டும்தான் என்பது இங்கே கணக்கு. தேவைப்பட்ட பாடத்தை நாமே தேடிப் படித்துக்கொள்ள வேண்டும். நான் நாற்பது வயதில் நிகழ்தகவை மறுபடி முதலிலிருந்து படித்தேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, படித்தாயா என்று கேட்கவும் ஆள் இல்லை.

சரி, சேர்வதற்கு என்ன வேண்டும்? மதிப்பெண், சான்றிதழ் எல்லாம் விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றுதான் முக்கியம்: மேற்பார்வையாளர். ஊரில் கைடு என்போமே, அவர்தான். இங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது என்றால் நடைமுறையில் ஒரு பேராசிரியர் "இவளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்வதுதான். அவர் சம்மதிக்காமல் எவ்வளவு நல்ல மதிப்பெண் இருந்தாலும் விண்ணப்பம் நகராது. ஆகவே முதலில் ஆளைத் தேட வேண்டும், அப்புறம்தான் படிவம்.

ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? என்.ஆர்.எஃப். என்கிற தேசிய ஆராய்ச்சி நிதியம் ஆய்வாளர்களுக்கு ஏ (A), பி (B), சி (C), இளையவர்களுக்கு பி (P), ஒய் (Y) என்று தரவரிசை கொடுக்கிறது. அதைப் பார்க்கலாம், ஆனால் அதிலேயே மயங்கிவிட வேண்டாம். அந்த எழுத்து அவருடைய ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்கிறது, மாணவரை அவர் நடத்துகிற விதத்தைப் பற்றிச் சொல்வதில்லை. மகள் விசாரிக்க வேண்டியது இவை: இவரிடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள்? அத்தியாயம் அனுப்பினால் எத்தனை நாளில் பதில் வருகிறது? கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது? இதற்குப் பதில் அவருடைய இப்போதைய மாணவர்களிடம்தான் கிடைக்கும். டீ வாங்கிக் கொடுத்துத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். என் முதல் மேற்பார்வையாளர் அருமையான மனிதர். மூன்றாம் வருடம் வேலையை விட்டுவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். புதியவருக்கு என் தலைப்பில் ஆர்வம் இல்லை. அதில் எட்டு மாதம் போனது. அதனால் இப்போது யார் கேட்டாலும், ஆரம்பத்திலேயே இணை மேற்பார்வையாளர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

எந்தத் துறையில் சேர்வது என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. கணினி அறிவியல் அறிவியல் புலத்தில் இருக்கும். 'இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்' வணிகப் புலத்தில் இருக்கும். அங்கே நிறுவனங்களும் மனிதர்களும் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் ஆய்வு. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் தகவல் தொழில்நுட்பம் என்ற பெயரில் வரும். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோல இருக்கும். உள்ளே ஆய்வு முறையே வேறு. வேலையில் இருந்துகொண்டு தொலைவிலிருந்தே செய்ய நினைப்பவர்களுக்கு யூனிசா என்ற தொலைநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

டர்பனிலேயே என்றால் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கத்து வீட்டுத் தாத்தா அந்தக் கல்லூரியின் முதல் கூட்டத்தில் படித்தவர். அப்போது அது வெஸ்ட்வில்லில் இல்லை. 1961-இல் இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு கல்லூரியை டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் தொடங்கினார்கள். பிள்ளைகள் படகேறிப் போய்ப் படித்தார்கள். 1972-இல்தான் வெஸ்ட்வில் மலைக்கு வந்தது, 2004-இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தாத்தாவுக்குத் தமிழ் பேச வராது, ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தேவாரம் முழுவதும் பாடுவார். என் பட்டம் முடிந்த அன்று அவர்தான் முதலில் வீட்டுக்கு வந்தார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பதிவு செய்ததும் முதல் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் ஆய்வுத் திட்டம் எழுத வேண்டும். எல்லோரும் புரோபோசல் என்றுதான் சொல்வோம். இருபது முப்பது பக்கம். அதைத் துறையில் எல்லோர் முன்னாலும் பேசி, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, உயர்பட்டக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். பரீட்சை என்று ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான். பாதிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் தலைப்பு வேறு, கேள்வி வேறு என்பது புரிய நாளாகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மகள் உங்களிடம் "ஜூலு மொழிக்குச் செயற்கை நுண்ணறிவு செய்யப்போகிறேன்" என்று சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஆசை. "ஜூலுவிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் மென்பொருள்" என்கிறாள். அது ஒரு வேலை. நாலு நிரலர்களை வைத்து ஒரு கம்பெனி செய்துவிடும். பிஎச்.டி.க்குக் கேள்வி வேண்டும், அதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லியிருக்கக் கூடாது. ஜூலுவும் தமிழ் மாதிரியே ஒட்டு மொழி. 'ங்கிஸோகுபோனா' என்று ஒரே சொல். அதில் 'ங்கி' என்றால் நான், 'ஸோ' எதிர்காலம், 'கு' உன்னை, 'போனா' பார். உன்னைப் பார்ப்பேன். நாம் 'பார்ப்பேன்' என்று வேருக்குப் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். இப்போதைய மொழி மாதிரிகள், அதாவது நிறைய எழுத்தைப் பார்த்து மொழியைக் கற்றுக்கொள்ளும் நிரல்கள், சொல்லை இலக்கணம் பார்க்காமல், அடிக்கடி வரும் எழுத்துக் கூட்டங்களை வைத்துத் துணுக்கு துணுக்காக வெட்டுகின்றன. ஆங்கிலத்துக்கு அது போதும். ஜூலுவில் வெட்டு 'ஸோ'வுக்கு நடுவில் விழுந்துவிட்டால்? அப்போது கேள்வி இப்படி வருகிறது: சொல்லை இலக்கண உறுப்புகளாகப் பிரித்துக் கொடுத்தால், குறைந்த தரவிலேயே மாதிரி நன்றாகக் கற்றுக்கொள்ளுமா? எவ்வளவு தரவுக்கு மேல் போனால் அந்த லாபம் மறைந்துபோகும்? இதை அளக்க முடியும். 'இல்லை' என்று பதில் வந்தாலும் அது ஒரு முடிவுதான். இதைச் செய்யத் தரவு எங்கே, யார் ஏற்கெனவே தொட்டிருக்கிறார்கள், எதோடு ஒப்பிடப்போகிறாய் என்று எழுதினால் அதுதான் ஆய்வுத் திட்டம்.

இந்த உதாரணத்தைச் சும்மா எடுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு உலகத்தில் வேறு யாரும் எளிதில் செய்ய முடியாததைச் செய்யக்கூடிய இடம் இது. மசகானே என்று 2019-இல் தொடங்கிய ஒரு கூட்டுமுயற்சி இருக்கிறது. ஜூலுவில் 'சேர்ந்து கட்டுவோம்' என்று பொருள். ஆப்பிரிக்க மொழிகளுக்கான மொழித் தொழில்நுட்பத்தை ஆப்பிரிக்கர்களே செய்கிறார்கள். மொழித் தரவுகளுக்கென்று தனி தேசிய மையம் பாச்செஃப்ஸ்ட்ரூமில் இருக்கிறது. அதிகாரபூர்வ மொழிகள் பதினொன்று இருந்தன. 2023-இல் சைகை மொழியையும் சேர்த்துப் பன்னிரண்டு ஆகிவிட்டன. நம் தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் 1996 அரசியலமைப்பின் ஆறாம் பிரிவிலேயே, போற்றிக் காக்க வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கே இது தெரிவதில்லை.

திட்டம் ஒப்புதல் ஆனதும் அறநெறி அனுமதி. கணினியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இது எதற்கு என்று மகள் முணுமுணுப்பாள். மனிதர்களின் குரல், படம், குறுஞ்செய்தி என்று எதைத் தொட்டாலும் அனுமதி வேண்டும். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழு வீச்சில் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிக்கு முன்னால் சேகரித்த தரவை ஆய்வேட்டில் பயன்படுத்தக் கூடாது. ஒரு மாணவி நூறு பேரிடம் பதிவு செய்த குரல்களைத் தூக்கிப்போட வேண்டிவந்ததை அருகில் இருந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகு வருவது நீண்ட நடுப்பகுதி. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். மகள் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பாள், மாதக்கணக்கில். "என்னடி, இன்னும் அதே பக்கமா?" என்று கேட்கத் தோன்றும். உள்ளே நடப்பது இது: ஒரு யோசனை, அதற்கு நிரல், ஒரு வாரம் சோதனை, தோல்வி, காரணம் தேடல், மறுபடி. கோட்பாட்டுப் பக்கம் போனால் சோதனைக்குப் பதில் நிரூபணம். அதில் தோல்வி இன்னும் அமைதியாக நடக்கும். பத்தில் ஒன்பது யோசனை ஆய்வேட்டில் வராது. வருடத்துக்கு ஒரு முறை முன்னேற்ற அறிக்கை எழுதி மறுபதிவு செய்வதைத் தவிரக் கட்டாயம் என்று எதுவும் கிடையாது.

2023-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்டேஜ் 6 மின்வெட்டு. நான் வீட்டில் ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டை வைத்துக்கொண்டு மாதிரி ஒன்றுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணி நேரம் ஓடியிருந்தது. எப்போது கரண்ட் போகும் என்கிற மின்வெட்டு அட்டவணையைப் பார்க்க மறந்துவிட்டேன். பட்டென்று எல்லாம் இருட்டு. நடுவில் சேமித்து வைக்கும் இரண்டு வரி நிரலை எழுதச் சோம்பேறித்தனப்பட்டதற்குக் கிடைத்த தண்டனை. அன்று ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் மனைவி போட்ட தோசையைச் சாப்பிட்டுக்கொண்டே அந்த இரண்டு வரியைத் தாளில் எழுதினேன். மறுநாள்தான் கேப் டவுனில் உள்ள தேசிய உயர்திறன் கணிப்பு மையத்துக்கு விண்ணப்பிக்கும் புத்தி வந்தது. அங்கே லெங்காவ் என்று ஒரு பெரிய இயந்திரம் 2016-இலிருந்து இருக்கிறது. ட்ஸ்வானா மொழியில் சிவிங்கிப்புலி, அதாவது சீட்டா என்று அர்த்தம். மேற்பார்வையாளர் தன் பெயரில் ஆய்வுத் திட்டமாகப் பதிந்தால் மாணவர்கள் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். வரிசையில் காத்திருக்க வேண்டும், ஆனால் கரண்ட் போகாது. மகளிடம் இதை முதல் மாதமே சொல்லிவிடுங்கள்.

கட்டுரை வெளியிடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இதில்தான் மாணவர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் உரசல் வருகிறது. மற்ற அறிவியல் துறைகளில் ஆய்விதழ்தான் பெரிது. கணினி அறிவியலில், அதிலும் செயற்கை நுண்ணறிவில், மாநாட்டுக்குத்தான் மதிப்பு. நல்ல மாநாட்டில் ஒரு கட்டுரை ஏற்கப்பட்டால் உலகமே பார்க்கும். ஆனால் இந்த நாட்டின் உயர்கல்வித் துறை, பல்கலைக்கழகங்களுக்கு வெளியீட்டைக் கணக்கிட்டு மானியம் கொடுக்கிறது. அங்கீகரித்த ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தால் ஒரு அலகு. மாநாட்டுக் கட்டுரைக்கு அரை அலகுதான். ஒரு பிஎச்.டி. மாணவர் பட்டம் பெற்றால் மூன்று அலகு. அதனால் உங்கள் மகள் மாநாட்டுக்கு ஆசைப்படும்போது மேற்பார்வையாளர் "இதழுக்கு அனுப்பேன்" என்று இழுப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவருடைய துறைக்குப் பணம் அப்படித்தான் வருகிறது. நான் சொல்லும் வழி: முதல் கட்டுரை உள்நாட்டிலேயே, தென்னாப்பிரிக்கக் கணினி அறிவியலாளர் கழகமான சாய்க்சிட் நடத்தும் வருடாந்தர மாநாட்டிலோ, அவர்களுடைய தென்னாப்பிரிக்கக் கணினி இதழிலோ. அடி வாங்கிப் பழக நல்ல இடம். இரண்டாவது வெளிநாட்டு மாநாடு. மூன்றாவது இதழ்.

வெளிநாடு என்றால் ராண்டில் கணக்குப் போட்டுப் பார்த்ததும் வயிறு கலங்கும். அந்த விஷயத்தில் இப்போதைய பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். 2017-இல் ஜொகன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் 'டீப் லேர்னிங் இண்டாபா' என்று தொடங்கினார்கள். வருடா வருடம் ஆப்பிரிக்காவின் ஏதாவது ஒரு நகரத்தில் நடக்கிறது. 2023-இல் ஐ.சி.எல்.ஆர். என்கிற பெரிய உலகச் செயற்கை நுண்ணறிவு மாநாடே ருவாண்டாவின் கிகாலிக்கு வந்தது. அப்புறம் ஒரு எச்சரிக்கை. ஆய்வேடு பாதி ஆனதுமே "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே, உங்கள் கட்டுரையை ஐந்தே நாளில் வெளியிடுகிறோம்" என்று மின்னஞ்சல்கள் வந்து குவியும். காசு பறிக்கும் போலி இதழ்கள். அங்கீகரித்த இதழ்களின் பட்டியல் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைக்கும். அதைப் பார்க்காமல் எதையும் எங்கும் அனுப்பக் கூடாது.

ஆய்வேடு எழுதுவதைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. ஒரே நூலாக எழுதலாம், அல்லது வெளிவந்த கட்டுரைகளை வைத்து முன்னும் பின்னும் அத்தியாயம் கோத்துக் கொடுக்கலாம். இரண்டாவது முறைக்கு எத்தனை கட்டுரை வேண்டும் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். பிறர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் அறிக்கையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். சமர்ப்பிப்பதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே கொடுக்கப்போகிறேன் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பலர் மறக்கிறார்கள், அதனாலேயே பட்டமளிப்பு ஆறு மாதம் தள்ளிப்போகிறது.

தேர்வாளர்கள் பெரும்பாலும் மூன்று பேர், அதில் வெளியாட்கள் கட்டாயம், வெளிநாட்டவரும் இருப்பார். யார் என்று மாணவருக்குச் சொல்லமாட்டார்கள். அவர்கள் படித்துவிட்டு எழுத்தில் அறிக்கை அனுப்புவார்கள். கேப் டவுன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நெடுங்காலமாக இந்த அறிக்கைகளை வைத்தே முடிவு செய்கிறார்கள், வாய்மொழித் தேர்வு கிடையாது. ஸ்டெல்லன்போஷில் வாய்மொழித் தேர்வு உண்டு. ஆகவே ஊரில் வைவா அன்று சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போடுவதுபோல இங்கே நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முடிவு ஒரு மின்னஞ்சலில் வரும். திருத்தம் இல்லை, சிறு திருத்தம், பெருந்திருத்தம், மறுபடி எழுதிக் கொடு, நிராகரிப்பு என்று படிகள் உண்டு. சிறு திருத்தம் வந்தால் இனிப்பு வாங்கலாம்; அதுதான் நல்ல சேதி. திருத்தமே இல்லாமல் வருவது அபூர்வம். அறிக்கைக்கு இரண்டு மூன்று மாதம் என்று விதி சொல்லும். எனக்கு ஒரு தேர்வாளர் ஒப்புக்கொண்டுவிட்டுக் கைவிட்டதால் ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் யாரிடமும் கேட்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அப்போதுதான் கோயிலில் காவடிக்கு வேண்டிக்கொண்டேன்.

பணம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் உங்கள் தம்பி பையனுக்குப் பல்கலைக்கழகமே உதவித்தொகை கொடுத்திருக்கும். இங்கே அது தானாக வராது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முக்கியமான வழி நான் முன்னால் சொன்ன என்.ஆர்.எஃப். நிதி. அதில் பெரும்பங்கு குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். வெளிநாட்டினருக்குச் சிறு பங்கு. குடும்ப வருமானம் வருடத்துக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தாலோ, மிகச் சிறந்த மதிப்பெண் இருந்தாலோ முழுச் செலவும் கிடைக்க வாய்ப்பு உண்டு; மற்றவர்களுக்குப் பகுதித் தொகை. வயது வரம்பும் வைத்திருக்கிறார்கள்: மாஸ்டர்ஸுக்கு 30, பிஎச்.டி.க்கு 32. எனக்கு அந்த வயதெல்லாம் எப்போதோ கடந்துவிட்டதால் சம்பளத்திலிருந்துதான் கட்டினேன். அதற்கு மேலே பிரிட்டோரியாவில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆராய்ச்சி நிறுவனம் சில மாணவர்களைத் தத்தெடுத்துக்கொள்கிறது. துறையில் பாடம் நடத்தும் சிறு வேலைகளும் கிடைக்கும்.

இத்தனைக்கும் பிறகு வேலை? கல்லூரி ஆசிரியர் வேலைக்கு இப்போது பிஎச்.டி. இல்லாமல் முடியாது என்றே சொல்லலாம். 2030-க்குள் பல்கலைக்கழக ஆசிரியர்களில் நூற்றுக்கு 75 பேர் முனைவர்களாக இருக்க வேண்டும் என்பது தேசிய வளர்ச்சித் திட்டத்தின் இலக்கு. ஆராய்ச்சிக் கூடங்களிலும் சில வங்கிகளிலும் வரவேற்பு உண்டு. ஆனால் நல்ல மென்பொருள் வேலைக்காக மட்டும் என்றால் வேண்டாம், அக்கா. அமேசானின் ஈ.சி.2 என்கிற மேகக் கணினிச் சேவையை கேப் டவுனில் உட்கார்ந்து ஒரு சிறு குழு உருவாக்கியது, 2006-இல் வெளிவந்தது. அந்த மாதிரி வேலைக்கு ஹானர்ஸும் நல்ல மூளையும் போதும். நான்கு வருடச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து இதில் இறங்குகிறவளுக்கு, விடை தெரியாத ஒரு கேள்வியோடு தினமும் எழுந்திருக்கப் பிடிக்க வேண்டும். பிடிக்குமா என்று மாஸ்டர்ஸ் முடிவதற்குள் அவளுக்கே தெரிந்துவிடும்.

ஆகவே இப்போதைக்கு பிஎச்.டி. பேச்சை ஒத்திவைத்துவிட்டு, வரும் பிப்ரவரியில் ஆய்வு மாஸ்டர்ஸில் சேர வழி பார்க்கட்டும். என்.ஆர்.எஃப். விண்ணப்பம் முந்தைய வருடத்தின் நடுவிலேயே மூடிவிடும், பல்கலைக்கழகத்தின் உள்தேதி அதற்கும் முன்னால் வரும். அதை இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பேராசிரியர்களுக்குத் தனித்தனியாக எழுதட்டும், ஒரே கடிதத்தை மூவருக்கும் அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒவ்வொருவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதில் தனக்கு எழுந்த ஒரு கேள்வியோடு ஒரு பக்கம். நீங்கள் நிரந்தர வசிப்புரிமை வாங்கிவிட்டீர்களா, அவளுக்கு எந்தப் பகுதியில் ஆர்வம், இந்த இரண்டையும் எனக்கு எழுதுங்கள். மொழித் தொழில்நுட்பம் என்றால் யாரிடம் கேட்கலாம் என்று சொல்கிறேன். வலையமைப்பு, பாதுகாப்பு என்றால் எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை, தெரிந்த ஒருவரிடம் அனுப்பிவைக்கிறேன்.